மேற்பரப்பு தந்த தடயம்: பிளாஸ்மிட் ஆய்வு வளர்ந்த வரலாறு

முன்னுரை

பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் மரபுக்கூறுகளுக்கு 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க் ‘பிளாஸ்மிட்’ என்று பெயரிட்டார். அன்று அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்ட வழி இல்லை. ஒரு பண்பு செல்லுக்குச் செல் தொற்றிப் பரவுவதையும் திடீரென்று மறைவதையும் வைத்தே அவை இருப்பதாக ஊகித்தனர். மேற்பரப்புப் பண்புகளை ஆராய்ந்தவர்களும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தவர்களும் தனித்தனியே நடந்த பாதைகள் 1980ஐ ஒட்டி ஒன்றுகூடின. ஒரு பண்புக்கு ஒரு பிளாஸ்மிட்தான் காரணம் என்று நிறுவியவை ஜெல்லில் தெரிந்த பட்டைகள் அல்ல, நீக்கியும் சேர்த்தும் பார்த்த சோதனைகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பன்றிக்குட்டிகளில் கே88

பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை வகைகள் பலவற்றின் மேற்பரப்பில் கே88 என்ற புரத ஆன்டிஜென் உண்டு. இணைவின் வழியே அது வேறு ஈ.கோலைக்கும் கடத்தப்படுவதை இடா, ஃபிரிட்ஸ் ஓர்ஸ்கோவ் தம்பதியர் 1966இல் வெளியிட்டனர். 1971இல் ஸ்மித், லிங்குட் இருவரும் நோய்க்கிருமியிலிருந்து கே88 பிளாஸ்மிட்டை நீக்கிப் பார்த்தபோது கழிச்சல் உண்டாக்கும் திறன் போயிற்று. திரும்பச் சேர்த்ததும் மீண்டது. அடுத்த ஆண்டே, சிறுகுடல் சுவரில் கிருமி ஒட்டிக்கொள்ள கே88 உதவுவதை ஜோன்ஸும் ரட்டரும் காட்டினர்.

இந்த ஆன்டிஜெனுக்கு ஒரு விநோதம் உண்டு. 37 டிகிரி செல்சியஸில் வளர்ந்த செல்கள் கே88 எதிர்ச்சீரத்தில் திரளும்; அதே கிருமியை 18 டிகிரியில் வளர்த்தால் ஆன்டிஜென் உருவாகாது. பிளாஸ்மிட் உள்ளே இருப்பது வேறு, அதன் பண்பு வெளிப்படுவது வேறு.

பிரித்தெடுக்கும் முறைகள்

1961இல் மார்மர், ஃபால்கோ குழுவினர் ஈ.கோலையின் எஃப்-லாக் என்ற பிளாஸ்மிட்டைச் செராஷியா என்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். செராஷியா டி.என்.ஏ.வில் குவானின், சைட்டோசின் பங்கு சுமார் 58 விழுக்காடு, ஈ.கோலையில் 50. இவ்வேறுபாட்டால் சீசியம் குளோரைடு அடர்த்திச் சரிவில் புதிய டி.என்.ஏ. தனிப் பட்டையாக ஒதுங்கியது. 1967இல் ராட்லாஃப், பாவர், வினோகிராட் எத்திடியம் புரோமைடு சாயத்தைச் சேர்த்தனர். மூடிய வளைய டி.என்.ஏ. அச்சாயத்தைக் குறைவாக ஏற்பதால் கீழே தனியாகத் தங்கியது.

இதை எளிதாக்கியது 1979இல் பர்ன்பாய்ம், டோலி வெளியிட்ட காரச் சிதைவு முறை. சோடியம் ஹைட்ராக்சைடும் எஸ்.டி.எஸ்.ஸும் கலந்த கரைசலில் செல்கள் உடைந்து, குழாயில் இருப்பது கோழையாகிறது. குரோமோசோம் துண்டுகளின் இழைகள் பிரிந்துவிடுகின்றன. பிளாஸ்மிட்டின் இரு இழைகளோ சங்கிலி வளையங்கள்போலக் கோத்துக் கிடப்பதால் விலக முடியாது. காரத்தைச் சமன்செய்ததும் அவை உடனே பழையபடி சேர்கின்றன. குரோமோசோம் புரதத்தோடு வெள்ளைத் திரளாகப் படிகிறது. மையவிலக்கியில் சுழற்றினால் தெளிந்து மேலே நிற்கும் நீரில் பிளாஸ்மிட் கிடைக்கும்; ஜெல்லில் ஓட்டினால் அது பட்டையாகத் தெரியும்.

பாதைகள் கூடிய இடம்

சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா சோனியின் முதல் வடிவம் வழவழப்பான கூட்டங்களாக வளரும். மறுவளர்ப்புகளில் அது சொரசொரப்பான இரண்டாம் வடிவமாக மாறிவிடும். முதல் வடிவத்துக்குரிய ஆன்டிஜென் சுமார் 120 மெகாடால்டன் எடையுள்ள பிளாஸ்மிட்டைச் சார்ந்தது என்று 1980இல் கோபெக்கோ, வாஷிங்டன், ஃபார்மல் நிறுவினர். பிளாஸ்மிட்டை இழந்த கிருமி, செல்லுக்குள் ஊடுருவும் வலிமையையும் இழந்தது.

அப்படியானால் ஊடுருவலுக்கு அந்த ஆன்டிஜென்தான் காரணமா? 1982இல் சான்சொனெட்டி, கோபெக்கோ, ஃபார்மல் ஷிகெல்லா ஃபிளெக்ஸ்னரியை ஆராய்ந்தபோது அங்கும் ஊடுருவலுக்குப் பெரிய பிளாஸ்மிட் தேவைப்பட்டது. ஆனால் அந்த இனத்தில், சோனியின் முதல் வடிவ ஆன்டிஜெனுக்கு இணையான ஓ ஆன்டிஜெனின் அடிப்படை மரபணுக்கள் குரோமோசோமில் உள்ளன. ஆக, ஷிகெல்லா சோனியில் இரு வேறு பண்புகள் ஒரே பிளாஸ்மிட்டில் அமைந்ததால்தான் சேர்ந்தே மறைந்தன.

முடிவுரை

பிளாஸ்மிட்டை முழுதாக நீக்கும் சோதனை அதன் பங்கை உறுதி செய்யும். அதிலுள்ள எந்த மரபணு காரணம் என்று சொல்லாது. 1988இல் ஃபால்கோ மூலக்கூறு அளவிலான கோக் விதிகளை வகுத்தபோது, குறிப்பிட்ட மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் நோயுண்டாக்கும் திறன் குறையவும், அதைத் திரும்பச் சேர்த்தால் மீளவும் வேண்டும் என்றார். ஒரே கிருமியில் ஒரு பிளாஸ்மிட் பட்டையையும் ஒரு மேற்பரப்புப் பண்பையும் கண்டதாலேயே இரண்டையும் முடிச்சுப் போடும் ஆய்வறிக்கை எதையும் நிறுவியதாகாது.