வினை நீத்த நாட்கள்

நம் பஞ்சாங்கத்தில் திங்கள்தோறும் நான்கு பர்வ நாட்கள் அமைந்துள்ளன. வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வரும் அட்டமி இரண்டு, சதுர்த்தசி இரண்டு. பன்னிரு திங்களுக்கு இவை 48 நாட்களாகும். இன்று அலுவலகங்களும் ஆலைகளும் ஓய்வுக்கென விடும் ஞாயிற்றுக்கிழமைகளோ ஆண்டுக்கு 52. இவ்விரு எண்களும் இத்துணை நெருங்கி நிற்பது சிந்திக்கத்தக்கது. வீட்டுப் பொறுப்பும் தொழிற் பொறுப்பும் சுமப்பவருக்கு அவற்றினின்று விலகியிருக்கும் நாளொன்று வேண்டும் என்பதை, ஆலைச் சங்கு ஊதத் தொடங்குவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே சமண அறம் உணர்ந்து, அதனை இல்லறத்தாரின் விரதமாகவே வகுத்தது.

அவ்வுணர்வு எத்துணைப் பழமையானது என்பதற்குச் சுவேதாம்பர மரபு காத்துவந்த உபாசகதசாங்கம் சான்று பகர்கிறது. பகவான் மகாவீரர் காலத்தில் வைசாலியை அடுத்த வாணிய கிராமத்தில் ஆனந்தன் என்னும் பெருஞ்செல்வன் வாழ்ந்தான். பன்னிரண்டு கோடிப் பொன்னும், நாற்பதினாயிரம் கால்நடைகளும், ஐந்நூறு ஏர்களும் அவனுக்கு உரியன. பகவானிடம் சிராவக விரதங்களை ஏற்று, பதினான்கு ஆண்டுகள் அவற்றை வழுவாது காத்தான். அதன் பின்னர் ஒரு நள்ளிரவில் அவனுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. ஊரில் அரசர் முதல் உறவினர் ஈறாக அனைவரும் எல்லாக் காரியங்களுக்கும் தன்னையே நாடி வருகின்றனர். இந்தச் சிதறலால் தான் ஏற்ற அறத்தை முழுமையாக ஒழுக இயலவில்லை என்று அவன் உணர்ந்தான்.

மறுநாள் சுற்றத்தாரை அழைத்து விருந்தளித்தான். குடும்பப் பொறுப்பை மூத்த மகனிடம் ஒப்படைத்தான். இனி எந்தக் காரியத்திற்கும் தன்னிடம் ஆலோசனை கேட்கவேண்டாம், தனக்கென உணவு சமைக்கவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, கொல்லாகம் என்னும் புறஞ்சேரியிலிருந்த போசதசாலைக்குச் சென்று அமர்ந்தான். செல்வம் அவனை அலைக்கழித்ததாக நூல் கூறவில்லை. ஓயாது பிறருக்கு விடை சொல்லிக்கொண்டிருந்த நிலையே அவனை அயரச் செய்தது. பொறுப்புகள் நல்லனவேயாயினும், அவை இடைவிடாது தொடருமானால் மனம் தன்னை நோக்கத் திரும்பாது என்னும் உண்மையை இவ்வரலாறு காட்டுகிறது.

பர்வ நாட்களின் ஓய்வு மனிதருக்கு மட்டுமே உரியதாயிருக்கவில்லை. முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் அசோக மன்னன் பொறித்த ஐந்தாம் தூண் சாசனம், உபவாச நாட்களில் மீன்களைக் கொல்லுதலும் விற்றலும் கூடாது என ஆணையிடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாட்களில் எருதுகளுக்கும் ஆட்டுக்கடாக்களுக்கும் காயடித்தல் விலக்கப்பட்டது. அசோகன் பௌத்தனாயினும், இந்நாட்கள் அக்காலத்து அறநெறிகள் பலவற்றுக்கும் பொதுவாய் விளங்கின. மனிதன் கையை மடக்கிய நாளில் பிற உயிர்களும் அச்சம் நீங்கி இருந்தன.

தமிழகத்தில் இந்நாட்களின் நெறிமுறையை விளக்கும் நூல்கள் இரண்டு. ஒன்று, காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். மற்றொன்று, அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு. சமந்தபத்திரர் சிக்ஷா விரதங்கள் நான்கனுள் ஒன்றாகப் புரோஷதோபவாசத்தை வைக்கிறார். அந்நாளில் பஞ்ச பாபங்களோடு அணிகலன், நறுமணம், மலர், நீராடல், கண்மை ஆகியவற்றையும் ஆரம்பத்தையும் நீக்கவேண்டும் என்பது விதி. இங்கு ஆரம்பம் என்பது உழவு, வாணிகம், சமையல் போன்று உயிர்களுக்கு ஊறு விளைவிக்கும் முயற்சிகள் அனைத்தையும் குறிக்கும்.

இவ்விதியின் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விடவேண்டுவனவற்றின் பட்டியல் நீண்டது. செய்யவேண்டுவதோ சிறிது: அறம் கேட்கலாம், பிறரைக் கேட்பிக்கலாம், ஞானத்திலோ தியானத்திலோ நிற்கலாம், சோம்பல் மட்டும் ஆகாது. நாழிகை வாரியாக அந்நாளைப் பகுத்துக் கட்டவில்லை ஆசாரியர். சுமைகளை இறக்கிவைத்தவன் தன் உள்ளத்தோடு தனித்திருக்க இடம் விட்டார். அவ்விடம் வீணாகிவிடாதபடி காப்பதற்கு அனர்த்ததண்ட விரதம் உண்டு. பயனற்ற தீய எண்ணம், தீய கேள்வி, கவனமற்ற செயல் ஆகியவற்றை அது விலக்குகிறது. ஆகவே நம் முன்னோர் கருதிய ஓய்வு மடியும் அன்று, கேளிக்கையும் அன்று. விழிப்போடு கூடிய வெறுமை அது.

பள்ளி என்னும் சொல்லும் இதனையே உணர்த்தும். படுக்கையையும் உறைவிடத்தையும் குறித்த அச்சொல், சமண முனிவர் தங்கிய இடத்திற்கும், பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் பதினேழு கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. உடல் சாயும் இடமும் அறிவு வளரும் இடமும் ஒரே பெயரைப் பெற்றது பொருளற்ற தற்செயல் என்று தோன்றவில்லை.

வழக்கத்தில் வந்த ஓய்வு எளிதில் பறிபோகக் கூடியது என்பதைப் பிற்கால வரலாறு காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயில் பஞ்சாலைகள் பெருகியபோது, தொழிலாளர்க்கு உறுதியான வார விடுமுறை இல்லை. நாராயண் மேகாஜி லோகண்டே 1884ஆம் ஆண்டு அவர்களைத் திரட்டி, ஞாயிறு தோறும் விடுமுறை வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக முன்வைத்தார். ஆறாண்டு முயற்சிக்குப் பின்னரே, 1890இல் ஆலை முதலாளிகள் அதற்கு இசைந்தனர். சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. பொறியின் முன் நின்ற உழைப்பாளி போராடிப் பெற்ற நாளே இன்று நம் நாட்காட்டியில் இடம்பெறுகிறது.

இவ்வாறு பெற்ற ஞாயிறும் இன்று நம் இல்லங்களில் ஓய்வாக எஞ்சுகிறதா? பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, பெரியோர்க்கு நிலுவை வேலை, அனைவர் கையிலும் ஓயாது அழைக்கும் அலைபேசி. ஆனந்தனை அயரச் செய்த அதே விடை சொல்லும் கடமை இன்று நம் சட்டைப்பையில் குடியிருக்கிறது. மறுபுறம், அட்டமியும் சதுர்த்தசியும் எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்னும் உணவு நியமமாக மட்டும் சுருங்கிவிடும் நிலை உள்ளது. உணவை நீக்கிவிட்டு ஆரம்பத்தை நீக்காவிடில் விரதத்தின் பாதி நழுவிவிடும். குறிப்பாக இல்லத்துப் பெண்டிர்க்கு, நோன்பு நாளே அடுப்படி வேலை மிகும் நாளாகிவிடுதல் கூடாது. அவர்களுக்கும் ஆரம்பத் தியாகம் உரியதே.

உத்தியோகத்தில் இருப்போர் எல்லாப் பர்வ நாட்களையும் முழுமையாகக் காத்தல் அரிது. ஆயினும் சாமாயிகத்திற்குரிய காலம் இரண்டு நாழிகைதான், 48 நிமிடங்கள். திங்களில் ஒரு சதுர்த்தசியன்றேனும் மாலைப்பொழுதில் அலைபேசியை அணைத்து, கணக்கையும் கடமையையும் ஒதுக்கி, குடும்பத்தார் அனைவரும் அமைதியாக அமர்ந்திருத்தல் இயலாததன்று. அவ்வேளையில் எதையும் சாதிக்கவேண்டியதில்லை. விட்டுவைத்த வேலைகள் மறுநாளும் அங்கேயே இருக்கும். அவற்றிடம் திரும்பிச் செல்லும் மனமோ தெளிந்திருக்கும். முன்னோர் வகுத்துத் தந்த 48 நாட்களுள் ஒன்றையாவது நாம் மீட்டுக்கொள்வோமாக.