மின்தடையமும் வானமும்: இரண்டு இரைச்சல்கள்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இரைச்சலின் மூலத்தைத் தேடிப்போன முயற்சிகள் இரண்டு, அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை. 1920களில் ஜே. பி. ஜான்சன் வால்வுப் பெருக்கிகளில் எழுந்த சீறலைத் துருவினார். 1964இல் பென்சியாஸும் வில்சனும் ஹோம்டெலில் இருந்த கொம்பு ஆண்டெனாவில் கணக்குக்கு மேல் பதிவான இரைச்சலைத் துருவினர்.

ஜான்சன் பெருக்கியின் உள்ளீட்டில் பொருளை மாற்றிப் பார்த்தார்: கார்பன், பிளாட்டினம், உப்புக்கரைசல். மின்தடையின் அளவு மாறாதவரை இரைச்சலும் மாறவில்லை. பென்சியாஸும் வில்சனும் திசையை மாற்றிப் பார்த்தனர். நியூயார்க் நகரை நோக்கியும் திருப்பினர். திசை மாறியும் பருவம் மாறியும் அந்த மிச்சம் மாறவில்லை.

இரு தரப்பும் முதலில் ஐயுற்றது கருவியைத்தான். ஜான்சன் வால்வின் சொந்த இரைச்சலைத் தனியே அளந்து கழித்தார். ஹோம்டெலில் உலோக இணைப்புகளின் மேல் அலுமினிய நாடா ஒட்டினார்கள்; கொம்புக்குள் கூடுகட்டிய புறாக்களைப் பிடித்து அனுப்பினார்கள், அவை திரும்பி வந்தன; எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் பெரிதாகக் குறையவில்லை.

வழிகள் பிரிவது வெப்பநிலையில். ஜான்சனால் தன் மின்தடையத்தைத் திரவக் காற்றிலும் வைக்க முடிந்தது, கொதிநீரிலும் வைக்க முடிந்தது. குளிரில் இரைச்சல் தணிந்தது, சூட்டில் ஏறியது. வானத்தை அப்படி எதிலும் முக்கியெடுக்க முடியாது. ஆகவே மற்ற இருவரும் திரவ ஹீலியத்தில் குளிர்ந்த மின்சுமையொன்றை வைத்துக்கொண்டு, பெருக்கியை அதற்கும் ஆண்டெனாவுக்குமாக மாற்றி மாற்றி இணைத்து ஒப்பிட்டனர். 4080 மெகாஹெர்ட்ஸில் மிஞ்சியது ஏறத்தாழ 3.5 கெல்வின்.

எதிர்பாராத உறவு இங்கேதான் வெளிப்படுகிறது. இரைச்சலைக் கெல்வினில் சொல்லும் வழக்கமே ஜான்சனின் அளவீட்டிலும், 1928இல் நைக்விஸ்ட் அதற்குத் தந்த சூத்திரத்திலும் வேர்கொண்டது. பெருக்கியின் கணக்கில் ஆண்டெனாவும் ஒரு மின்தடையம்தான். அது அமிழ்ந்திருக்கும் தொட்டி வானம்.

மின்தடையத்தின் இரைச்சலைக் குறைக்க வழியுண்டு: தடையைக் குறைக்கலாம், குளிர்விக்கலாம், அலைவரிசை அகலத்தைச் சுருக்கலாம். வானத்தின் இரைச்சலுக்கோ அதன் வெப்பநிலையைக் குறைக்க வழியில்லை. அது தொடக்கக் காலப் பிரபஞ்சத்தின் எஞ்சிய வெப்பம் என்று 1965இல் பிரின்ஸ்டனில் டிக்கியின் குழு விளக்கியது. ஆனாலும் இரண்டும் ஒரே பாடத்தைத் தருகின்றன. புறாவையும் தளர்ந்த இணைப்பையும் நீக்கிய பின்னும் இரைச்சல் நின்றால், அதன் வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். அந்த எண்ணே அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத் தொடங்கும்.