ஆள் கணக்கு, படைக் கணக்கு

போன வாரம் என் பேரன் கம்ப்யூட்டரில் 'சிவிலைசேஷன்' என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். 1991-இல் சிட் மெயர் என்பவர் கொண்டுவந்த விளையாட்டு, இப்போது பல பதிப்புகள் ஆகிவிட்டன. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆட்டத்தின் நடுவே ஒரு பட்டியலைத் திறந்தான். மக்கள்தொகை, விளைச்சல், படைவீரர் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றிலும் தன் கணக்கு எவ்வளவு, தான் எத்தனையாவது இடம் என்று அதில் தெரிகிறது.

"படையில் நான்தான் தாத்தா ஃபர்ஸ்ட். யாரும் என் மேல் கை வைக்க முடியாது" என்றான்.

அரை மணி நேரத்தில் கடல் வழியாக வந்த ஒருவன் அவன் துறைமுக நகரத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். படையெல்லாம் வடக்கு எல்லையில் நின்றிருந்தது. பட்டியலில் பேரன் அப்போதும் முதலிடம்தான்!

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். 'ஸ்டாஃப் ஸ்டிரெங்த்' அறிக்கை எத்தனை எழுதியிருப்பேன்! அனுமதிக்கப்பட்ட பணியிடம் 32, பணியில் இருப்போர் 26 என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்புவோம். அந்த 26-இல் மூன்று பேர் வேறு துறைக்கு மாற்றுப்பணியில் போயிருப்பார்கள், இரண்டு பேர் நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பார்கள். பழைய பிரெஞ்சுக்காலப் பத்திரம் ஒன்று மேஜைக்கு வந்தால் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அறிக்கையில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

விளையாட்டில் எதிரியின் பலத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி பழையது. சதுரங்கம் ஆடுகிறவர்கள் சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்புப் போடுவார்கள். (பிஷப்பைப் பிரெஞ்சில் 'ஃபூ' என்போம், பைத்தியக்காரன் என்று பொருள். பள்ளியில் இதைச் சொல்லியே ஒருவரையொருவர் கேலி செய்வோம்.) ஆனால் சதுரங்கத்தில் காய் வெட்டுப்பட்டால் முழுசாகப் போய்விடும். அரைக் குதிரை, கால் யானை என்று மிஞ்சாது. நிஜப் போரில் ஒரு படைப்பிரிவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும்.

இதைச் சரிசெய்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ஒரு தகப்பனும் மகனும். தகப்பனார் பாரன் ஃபோன் ரைஸ்விட்ஸ், 1812-இல் நிலப்பரப்பைக் காட்டும் பெரிய மேஜை ஒன்று செய்து மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்குக் கொடுத்தார். மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அவர் 1824-இல் அதைத் திருத்தி 'கிரீக்ஷ்பீல்', அதாவது போர் விளையாட்டு, என்று வெளியிட்டார். மேஜைக்குப் பதில் 1:8000 அளவில் வரைந்த வரைபடம். ஒரு முறை நகர்த்துவது இரண்டு நிமிடப் போருக்குச் சமம். இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு நடுவர். கட்டளையை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும், எதிரியின் காய் எங்கே என்று அவர் காட்டினால்தான் தெரியும்.

பலத்தை ஒப்பிடுவதற்கு அவர் செய்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. ஒரே மாதிரிப் பகடை கிடையாது. இரு பக்கமும் சமபலம் என்றால் ஒரு பகடை, ஒரு பக்கம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று கூடினால் அதற்குத் தகுந்த வேறு பகடை. பலம் கூடியவன் ஜெயிக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி கிடையாது. சேதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறிப்பில் ஏறிக்கொண்டே போகும். இன்றைய கம்ப்யூட்டர் ஆட்டங்களில் காயின் தலைக்கு மேல் குறைந்துகொண்டு வரும் பச்சைக் கோடு அந்தக் குறிப்பேட்டின் வாரிசுதான். தலைமைத் தளபதி முஃப்லிங் முதலில் சலிப்போடு பார்க்க வந்தவர், பிறகு இதைப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். மகன் ரைஸ்விட்ஸுக்கு மட்டும் நல்ல காலம் இல்லை. 1827-இல் தற்கொலை செய்துகொண்டார்.

நாங்கள் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அதனால் 1870 யுத்தம் எங்களுக்கு மனப்பாடம். வாத்தியார் அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். பிரெஞ்சுப் படையின் ஷாஸ்போ துப்பாக்கி, பிரஷ்யரின் துப்பாக்கியைவிட இரண்டு மடங்கு தூரம் சுடும். துப்பாக்கியை மட்டும் எண்ணினால் பிரான்ஸ் முன்னால் நிற்கிறது. பீரங்கியை எண்ணினால் குருப் ஆலையின் எஃகுப் பீரங்கி முன்னால். யுத்த மந்திரி லெபஃப், காலுறைப் பொத்தான் ஒன்றுகூடக் குறையவில்லை என்று சொன்னதாகச் சொல்வார்கள். பதிவேட்டில் குறையாமல்தான் இருந்திருக்கும். ஆனால் வடகிழக்குப் பிரான்சில் வசித்த சுவாவ் படை ஆள், கடல் தாண்டி ஆல்ஜீரியா போய் உடுப்பும் துப்பாக்கியும் வாங்கிக்கொண்டு, மறுபடி வடகிழக்குக்கே வர வேண்டியிருந்தது. அறிக்கையில் அவன் 'பணியில்'. உண்மையில் கப்பலில்! செப்டம்பர் 2-ஆம் தேதி செடானில் மூன்றாம் நெப்போலியனே கைதியானார். அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகள் அந்தப் பிரஷ்ய விளையாட்டை அக்கறையாகப் படித்தன.

ஆள் கணக்கை வைத்து ஒரு சூத்திரம் போட்டவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மோட்டார் கார் செய்தவர். 1916-இல் வந்த அவருடைய நூல் சொல்வது இது: தூரத்திலிருந்து சுடும் போரில் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குச் சமம். 100 பேரும் 80 பேரும் கடைசி வரை சுட்டுக்கொண்டால் நூறு பேர் பக்கம் 20 அல்ல, 60 பேர் மிஞ்சுவார்கள். (10,000-இல் 6,400 போனால் 3,600, அதன் வர்க்கமூலம் 60.) அதே நூறு பேர் ஐம்பது ஐம்பதாகப் பிரிந்து தனித்தனியே மாட்டிக்கொண்டால்? முதல் ஐம்பதை முடித்த பிறகு எண்பது பேர் பக்கம் 62 பேர், இரண்டாவது ஐம்பதையும் முடித்த பிறகு சுமார் 37 பேர் மிச்சம். குறைந்த ஆள்தான் ஜெயிக்கிறான்! பேரனுக்கு இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பட்டியலை மூடிவிட்டு வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

என் காலத்து விளையாட்டு ஒன்று உண்டு. 'லா கொன்கேத் து மோந்த்', உலகைப் பிடித்தல். 1957-இல் பிரான்சில் வந்தது, இங்கிலீஷில் 'ரிஸ்க்' என்று சொன்னால் பலருக்குத் தெரியும். கண்டுபிடித்தவர் அல்பேர் லமொரீஸ், 'சிவப்பு பலூன்' படம் எடுத்தாரே, அவரேதான். சின்னப் பையனும் பலூனும் என்று அவ்வளவு மென்மையாகப் படம் எடுத்த மனிதர், உலகத்தை 42 துண்டாக்கிப் பகடை போட வைத்தார். 1970-இல் ஈரானில் படம் பிடிக்கும்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார்.

அதில் பலம் அளப்பது சுலபம். பிடித்த நாடுகளை மூன்றால் வகுத்து அத்தனை படை. ஆசியா முழுதும் உன்னுடையது என்றால் கூடுதலாக 7, ஐரோப்பா 5, ஆஸ்திரேலியா 2. தாக்குகிறவனுக்கு மூன்று பகடை, தடுக்கிறவனுக்கு இரண்டு, சமமாக விழுந்தால் தடுக்கிறவனுக்கே வெற்றி. அப்படியும் மூன்றுக்கு இரண்டு என்று மோதும்போது தாக்குகிறவன் கைதான் சற்று ஓங்கியிருக்கும். நூற்றுக்கு 37 தடவை எதிரிக்கு இரண்டு படையும் போகும், 29 தடவை தனக்குப் போகும், மற்றபடி ஆளுக்கொன்று. வகுப்பில் ஒருவன் அந்தப் பெட்டியை வைத்திருந்தான். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் ஆட்டம்.

என் பெரியப்பா 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் இருந்தவர். ஒரு நாள் திண்ணைக்கு வந்து பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தோசீன் எங்கடா?"

"அது இல்லை பெரியப்பா. சியாம்தான் இருக்கு."

சியாமில் என்னுடைய படை ஒன்பது, சுற்றிலும் எதிரி படை இரண்டும் மூன்றும். பயமில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் உட்கார்ந்து தியன் பியன் ஃபூ கதையைச் சொன்னார், முதலும் கடைசியுமாக ஒரே தடவை. 1954 மார்ச் 13-ஆம் தேதி சண்டை ஆரம்பம். எதிரி மலை தாண்டிப் பெரிய பீரங்கி கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் நம் பீரங்கி நசுக்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எதிரிகள் பீரங்கியைக் கயிறு கட்டிக் கையால் இழுத்து மலைமேல் ஏற்றிக் குகைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குக்கு வாக்குக் கொடுத்த பீரங்கிப் படைத் தளபதி கர்னல் பிரோத் இரண்டாம் நாளே கையெறி குண்டால் உயிரை விட்டார். மே 7-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் கைதானார்கள், அதில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

"நான் அங்கே இல்லை, ஹனோயில் ஆபீஸில் இருந்தேன்" என்றார் பெரியப்பா. "தினமும் காலையில் ஆள் கணக்கு எழுதுவது என் வேலை. அன்னிக்கு எழுதின எண்ணிக்கை சரிதான்டா. ஒரு ஆள்கூடத் தப்பு இல்லை."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் பகடையை எடுக்கவில்லை. பெட்டிக்காரப் பையன் காய்களை நிறம் பிரித்து அடுக்கி, சாயங்காலம் ஆகும் முன்பே வீட்டுக்குக் கிளம்பினான்.