சீயோனிய எதிர்ப்பு: ஒரு பெயர், பல வேர்கள்

சீயோன் நம் திருப்பாடல்களில் அடிக்கடி ஒலிக்கும் பெயர். அப்பெயர் தாங்கிய அரசியல் இயக்கமாகிய சீயோனியத்தை முதலில் எதிர்த்தவர் யார் என்று வினவினால், அரபியர் என்றே பலரும் விடையிறுப்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

யூதர்க்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டித் தியோடர் ஹெர்ஸல் 1897-இல் கூட்டிய முதல் மாநாடு மியூனிக் நகரில் நடக்கவிருந்தது. அந்நகர யூதரும் ஜெர்மானிய ரபிகளும் எதிர்த்தமையால் அது சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாறிற்று. தாம் ஜெர்மனியின் குடிமக்களே என்பது அவர்தம் வாதம். மெசியாவைப் பற்றிய நம்பிக்கைக்கும் இம்முயற்சி முரண் என்றனர். அதே ஆண்டு வில்னாவில் தோன்றிய 'பண்டு' என்னும் யூதத் தொழிலாளர் கட்சியோ, வாழும் மண்ணிலேயே உரிமை கேட்டது. 1917-இல் பால்ஃபர் அறிவிப்பைப் பிரிட்டிஷ் அரசினுள்ளேயே கடுமையாக எதிர்த்தவர் யூதரான எட்வின் மாண்டேகு. ஆம், செம்ஸ்போர்டோடு சேர்த்து நாம் பாடநூலில் படித்த அதே மாண்டேகுதான்! நாசிகள் அறுபது இலட்சம் யூதரைக் கொன்றொழித்தபின் இவ்வெதிர்ப்பு பெரிதும் அடங்கிற்று. பண்டின் தொண்டர் பலரும் அவ்வழிவில் மாண்டனர்.

பாலஸ்தீனரின் எதிர்ப்பு வேறோர் ஊற்றிலிருந்து எழுந்தது. எருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் அல்-காலிதி 1899-இல் பிரான்சின் தலைமை ரபிக்கு மடல் வரைந்தார. அம்மண்ணோடு யூதர்க்குள்ள தொன்மையான உறவை அவர் மறுக்கவில்லை. அங்கே வேறு மக்கள் வாழ்கின்றனரே என்றார். மடல் ஹெர்ஸலிடம் சென்றது. யூதர் வருகை நாட்டிற்கு வளம் சேர்க்கும் என அவர் பதிலெழுதினார். கேட்டது ஒன்று, கிடைத்த விடை வேறொன்று என்றே நமக்குப் படுகிறது. 1948-இல் ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தபின் அவ்வினா அரபுலகு முழுவதும் பரவிற்று.

மூன்றாவது வகை, பழைய பகைமைக்குப் புதுப்போர்வை. 1952-இல் பிராகா நகரில் கம்யூனிஸ்டுத் தலைவர் பதினால்வர்மேல் நடந்த வழக்கில் பதினொருவர் யூதர். சீயோனியச் சதி என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. சோவியத் முகாமும் அரபு நாடுகளும் துணைநிற்க, சீயோனியம் இனவெறியின் ஒரு வடிவம் என ஐ.நா. பொது அவை 1975-இல் 72 வாக்குகளால் தீர்மானித்தது. 1991-இல் 111 வாக்குகளால் அதை நீக்கிற்று. இருமுறையும் இந்தியா பெரும்பான்மையோடு நின்றது.

நம் திருச்சபையின் பங்கையும் மறைப்பதற்கில்லை. 1904 சனவரியில் ஹெர்ஸல் திருத்தந்தை பத்தாம் பயசைச் சந்தித்து ஆதரவு வேண்டினார். யூதர் நம் ஆண்டவரை ஏற்காததால் யூத மக்களைத் தாமும் ஏற்க இயலாது எனத் திருத்தந்தை மறுத்ததாக ஹெர்ஸலின் நாட்குறிப்பு கூறுகிறது. அங்கு வாழ்ந்த அரபு மக்கள், அவர்களுள் நம் கிறிஸ்தவர், அவ்வுரையாடலில் காரணமாக வரவில்லை என்பதே நம்மை உறுத்துகிறது. யூதரைக் கடவுளால் கைவிடப்பட்டோராகக் காட்டலாகாது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தபின், அம்மறுப்பின் அடிப்படை போயிற்று. அல்-காலிதியின் வினா போகவில்லை. திருப்பீடம் 1993-இல் இஸ்ரயேலோடும், 2015-இல் பாலஸ்தீன நாட்டோடும் உடன்பாடு செய்துகொண்டது.