லக்ஸ்ரன்: பொதுவயல் காத்த சிற்றூர்

இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றை நாடுவோர் பெரும்பாலும் பேராலயங்களையும் கோட்டைகளையுமே தேடிச் செல்வர். ஆயின் அக்காலத்து மக்களுட் பெரும்பாலோர் உழவரேயாவர். கல்லிற் கட்டியவை நிலைத்து நிற்ப, அவ்வுழவர் நிலத்தைப் பகிர்ந்துண்ட முறை ஏறக்குறைய எங்கணும் மறைந்தொழிந்தது. நொட்டிங்காம்சயரிலுள்ள லக்ஸ்ரன் என்னும் சிற்றூர் அம்முறையை இன்றுங் காத்து வருகின்றது.

1086 ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னனின் ஆணைப்படி தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நூலில் இவ்வூர் குறிக்கப்பெற்றுள்ளது. நோர்மானியர் வருமுன் தோக்கி என்பானுக்குரியதாயிருந்த இந்நிலம், பின்னர் ஜெப்ரி அல்செலின் என்பானைச் சேர்ந்தது. நோர்மானியர் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சியவை மண்மேடும் அகழியுமே. புனித மைக்கேல் ஆலயத்தில் எவரிங்காம் குடும்பத்தாரின் உருவச்சிலைகள் உள. அவற்றுள் ஒரு பெருமாட்டியின் சிலை மரத்தாலாயது. எனினும், இவ்வூரின் தனிச்சிறப்பு அதன் வயல்களிலேயே உளது.

மேற்கு வயல், ஆலை வயல், தென்வயல் என வேலியற்ற வயல்கள் மூன்று இங்குள்ளன. ஒவ்வொன்றும் நீண்ட துண்டங்களாகப் பகுக்கப்பெற்று உழவரிடையே பங்கிடப்பட்டுள்ளது. ஒருவனுடைய துண்டங்கள் ஓரிடத்தே அமையாது மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். இதனால் நன்னிலமும் புன்னிலமும், அண்மையும் சேய்மையும் யாவர்க்கும் பொதுவாயின. பண்டைய முறைப்படி ஒரு வயலிற் குளிர்காலக் கோதுமையும், இன்னொன்றில் இளவேனிற் பயிரும் விளைய, மூன்றாவது தரிசாக விடப்பெறும். மூன்றாண்டுக்கொருமுறை நிலம் இளைப்பாறும். அத்தரிசிற் கால்நடைகள் மேயும். ஒருவன் தன் விருப்பப்படி பயிரிடின் இவ்வொழுங்கு முழுவதும் குலையும்.

ஆகவே, காவல் வேண்டியதாயிற்று. அதனை ஊர்மன்று ஆற்றுகின்றது. ஆண்டுதோறும் கார்த்திகை மார்கழியையொட்டி, உழவரிலிருந்து தெரிந்தெடுக்கப்பெற்ற யூரர் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்வையிடுவர். எல்லைக்குறிகளை நாட்டுவர், பாதையையோ பொதுப் புற்றரையையோ உழுது கவர்ந்தவரைக் குறித்துக்கொள்வர். பின்னர் மன்று கூடித் தண்டம் விதிக்கும். அடுத்த ஆண்டுக்குரிய யூரரும் சத்தியஞ் செய்வர். 1977 ஆம் ஆண்டின் நீதிபரிபாலனச் சட்டம் இத்தகைய பழைய மன்றுகள் மிகப்பலவற்றின் அதிகாரத்தை நீக்கியபோதும், லக்ஸ்ரன் மன்றின் அதிகாரத்தை நிலைநிறுத்தியது.

1635 ஆம் ஆண்டில், ஊருக்குடையவராயிருந்த சேர் வில்லியம் கோட்டனுக்காக மார்க் பியேஸ் என்பார் வரைந்த நிலப்படம் ஒக்ஸ்போட் பொட்லியன் நூல்நிலையத்திற் காக்கப்பெறுகின்றது. ஒவ்வொரு துண்டமும் அதிற் காட்டப்பெற்றுள்ளது. ஒரு கையில் அப்படத்தையேந்தி இன்றைய வயலில் நடப்போர் பழைய வழிகளை இன்னும் இனங்காணலாம்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் பாராளுமன்றச் சட்டங்களின் வழியாக இங்கிலாந்தின் பொதுவயல்கள் வேலியிட்டுத் தனியுடைமையாக்கப்பட்டன. விளைச்சல் பெருகிற்று, எளியோர் பலர் தம் பொதுவுரிமையை இழந்தனர். லக்ஸ்ரனிலும் நிலத்தின் ஒரு பகுதி வேலிக்குள்ளானது. ஆயினும், உடைமை பலரிடையே பிரிந்து கிடந்தமையால் முழுமையான வேலியீடு கைகூடவில்லை. பழமையைப் போற்றுங் கருத்தன்று, உடன்பாடின்மையே முதலில் இவ்வயல்களைக் காத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

பிற்காலத்திலோ கருதியே காக்க வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சிறு துண்டங்கள் பல ஒன்றுசேர்க்கப்பட்டன. மான்வேர்ஸ் பிரபுவின் நிலத்தை 1952 இல் விவசாய அமைச்சு வாங்கியது. 1981 இல் அது முடிக்குரிய நிலங்களை நிருவகிக்கும் ஆணைக்குழுவைச் சேர்ந்தது. 2020 இல் மான்வேர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி பண்ணையுடைமைக்கு மீண்டது. உடையவர் மாறிய ஒவ்வொரு முறையும் இம்முறை தொடருமோ என்னும் வினா எழாதிருக்கவில்லை.

கோட்டையைக் காவலன் ஒருவன் காக்கலாம். ஏட்டை நூல்நிலையம் காக்கலாம். பொதுவயலையோ, அதனை உழுவோர் ஆண்டுதோறும் தம் எல்லையில் நின்றொழுகியே காத்தல் வேண்டும். அவர் ஒழுக்கம் தளரின், ஏறக்குறைய ஆயிரமாண்டு வழக்கு ஒரு விதைப்புக் காலத்திலேயே அழிந்துபோம்.