ஓவியத்தில் நிற்கும் உழவன்

அரசலாறும் திருமலைராயனாறும் கடலோடு கலக்கும் காரைக்கால் மண்ணில், வயலில் உழைத்த மக்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தாரல்லர். அத்தகையோரின் உருவத்தை நமக்குக் காட்டுபவை, அண்டையிலுள்ள தஞ்சையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பியருக்காகத் தீட்டப்பட்ட ஓவியங்களாம். 'கம்பெனி ஓவியம்' என வழங்கும் இவற்றை வரலாற்றுச் சான்றாக எங்ஙனம் மதிப்பிடுவது என்பதே நாம் ஆராய விழைவது.

இவ்வோவியங்களுக்கெனத் தனி மரபுண்டு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கணவனும் மனைவியும் ஒரே தாளில் நிற்பர். கையிலுள்ள கருவியே அவர் இன்னாரென உரைக்கும். சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1782இல் பாரிசில் வெளியிட்ட பயண நூலிலும் நம் நாட்டுத் தொழிலாளர் உருவங்கள் செப்புத்தகட்டுப் படங்களாக இடம்பெற்றன.

கருவி, உடை, அணி ஆகியவற்றைக் காட்டுவதில் இவை பெரிதும் பயன்படுவன. ஆயின் நடவு என்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து சேற்றில் செய்யும் பணி. அறுவடையோ பலர் கூடி இறங்கும் பணி. இருவர் மட்டும் நிற்கும் தாளில் அக்கூட்டம் இல்லை. களத்தில் கூலியாக அளந்த நெல் இல்லை. பண்ணைக்குக் கட்டுண்ட நிலையும் இல்லை.

ஓவியம் கூறாததை வரலாறு கூறுகின்றது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், காரைக்கால் துறையிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். ஊரில் தங்கியோர்க்கும் விடிவு எளிதில் வந்திலது. சென்னை அரசு தஞ்சைப் பண்ணையாட்களுக்கு 1952இல் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அச்சட்டம் எல்லைக்கு அப்பாலேயே நின்றது. 1954 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் காரைக்கால் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது.

ஆகவே, இத்தகைய பழைய ஓவியம் எவர் இல்லத்திலேனும் இருக்குமாயின், வண்ணத்தை மட்டும் நோக்கி விலை கூறுதல் தகாது. தாளை ஒளிக்கெதிரே பிடித்தால் ஐரோப்பியக் காகித ஆலையின் நீர்க்குறி தெரியக்கூடும். காலத்தைக் கணிக்க அது உதவும். கருவியின் வடிவையும், அடியில் எழுதிய சொற்களையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர், அவ்வுழவனுக்குக் கூலி யாது, நிலம் எவருடையது, அவன் மக்கள் எங்குச் சென்றனர் எனக் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கூற வல்லவை நிலப்பத்திரங்களும் கப்பற்பதிவுகளும் முதியோர் நினைவுகளுமே. அவற்றையும் ஓவியத்தோடு சேர்த்துக் காப்பது நம் கடனாகும்.