பெயர் வாங்காத டோகோ

நாய் என்றால் வீட்டுக் காவலுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். இன்று நாம் பேசப்போகும் சைபீரியன் ஹஸ்கி காவலுக்கு உதவாது. திருடன் வந்தாலும் வாலாட்டும். அதன் பிறவித் தொழில் வேறு.

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள், பனியில் சறுக்குவண்டி இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. சிறிய உடம்பு, இரட்டை அடுக்கு ரோமம், குறைந்த தீனியில் நெடுந்தூரம் ஓடும் வலு. 1908ஆம் ஆண்டு வாக்கில் இவற்றை அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டு வந்தபோது, பெரிய நாய்களைக் கண்டு பழகியவர்கள் "எலிகள்" என்று கேலி செய்தார்கள். 1910இல் ஏறக்குறைய 650 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த "எலிகளே" வென்றன.

1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. இன்று நம் குழந்தைகளுக்குக் கிளினிக்கில் போடும் தடுப்பூசி இந்நோய்க்கும் சேர்த்துத்தான். அன்று குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். துறைமுகம் உறைந்து கிடந்தது. மருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. அங்கிருந்து நோமுக்கு இன்னும் 1,085 கிலோமீட்டர், நாய்வண்டிதான் கதி.

இருபது ஓட்டுநர்கள், சுமார் 150 நாய்கள், கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். குளிர் சில இடங்களில் சுழியத்துக்கும் 40 பாகை கீழே! ஓட்டுநர்களில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடியினர்.

நார்வேயில் பிறந்த செப்பலா என்பவரின் வண்டிக்கு முன்னோடி டோகோ என்ற பன்னிரண்டு வயது நாய். குட்டியாக இருந்தபோது, இது எதற்கும் ஆகாது என்று செப்பலாவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அதுவோ ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவரிடமே ஓடி வந்தது! நாய்வண்டிக்குக் கடிவாளம் கிடையாது. ஓட்டுநரின் குரலும் முன்னோடியின் புத்தியும்தான் வழிகாட்டும். உறைந்த நார்ட்டன் விரிகுடாவில் காற்று வலுத்தால் பனிக்கட்டி பிளந்து, ஏறியவர்களோடு கடலுக்குள் மிதந்து போய்விடும். அந்த வழியையும் டோகோ கடந்தது. மருந்தை எதிர்கொள்ளப் போனதும் திரும்பியதுமாக அவர்கள் ஓடியது 420 கிலோமீட்டர். மருந்தோடு மட்டும் 146. மற்றவர்களின் சராசரி ஐம்பதுதான்.

கடைசிக் கட்டத்தில் நோமுக்குள் நுழைந்தது பால்டோ என்ற நாயின் வண்டி. அதுவும் செப்பலா வளர்த்ததே; கடும் புயலில்தான் ஓடியது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் செய்தித்தாள்கள் பால்டோவையே பாடின. அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூயார்க் பூங்காவில் அதற்குச் சிலை எழுந்தது. பூர்வகுடி ஓட்டுநர்களை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

டோகோ 1929இல் இறந்தது. மறு ஆண்டே சைபீரியன் ஹஸ்கி தனி இனமாக அமெரிக்காவில் பதிவாயிற்று. டோகோவுக்கு நியூயார்க்கில் ஒரு சிலை எழ 2001ஆம் ஆண்டு ஆயிற்று.